வாழ்வே மாயமா?

சாவைக் காட்டி அழவைப்பது எளிது. அதனினும் எளிது, அச்சாவு எவராலும் தடுக்கவியலாதது என்று நம்பவைத்து, அழுதவனை வெறுங்கையனாய் வீட்டுக்கு அனுப்புவது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்து காசாக்கும் தொழிலில் தமிழ்த் திரையுலகம் அறுபது ஆண்டுகளாகக் கைதேர்ந்து நிற்கின்றது.

அதன் செய்முறையை அனைவரும் அறிவர். இளைஞன் ஒருவன்; அழகன்; ஆடுவான், பாடுவான். அவனுக்குக் காதலி ஒருத்தி. படத்தின் பிற்பாதியில் ஒருநாள் இருமுவான். கைக்குட்டையில் குருதித்துளி தெரியும். குருதிப் புற்றுக்கும் இருமலுக்கும் என்ன உறவு என்று எவரும் வினவார். கண்ணாடி அணிந்த மருத்துவர் ஒரு தாளை நோக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை உதிர்ப்பார். அவ்வளவே. அந்நொடி முதல் அவ்விளைஞனுக்குப் பண்டுவம் இல்லை, பாடல் உண்டு. மருந்து இல்லை, மது உண்டு. காதலியிடம் உண்மையைக் கூறான்; அவள் தன்னை வெறுக்கவேண்டுமென்று கெட்டவனாய் நடிப்பான். அவள் உண்மை அறியும்போது அவன் உயிர் பிரிந்துகொண்டிருக்கும். அரங்கம் விம்மும், கல்லாப் பெட்டி நிரம்பும்.

‘மொழிக்கும் இனத்துக்கும் போராடும் இதழுக்குத் திரைப்படத்தோடு என்ன வழக்கு?’ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வழக்கு உண்டு. ஓர் இனம் நோயையும் சாவையும் பற்றி எவ்வாறு பேசுகின்றதோ அவ்வாறே எண்ணுகின்றது. எவ்வாறு எண்ணுகின்றதோ அவ்வாறே வாழவும் சாகவும் செய்கின்றது. தமிழனின் அவ்வெண்ணத்தை இன்று வள்ளுவம் வகுக்கவில்லை; வெள்ளித்திரை வகுக்கின்றது. அதனால் ஓர் உயிர் போனதை யான் அருகிருந்து கண்டேன். அதனை இங்குக் கூறியே தீரவேண்டும்.

ஓர் ஆண்டில் இரு சாவு

1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று, கிருட்டிணமூர்த்தி இயக்கத்தில் கமலகாசனும் சிரீதேவியும் நடித்த ‘வாழ்வே மாயம்’. மற்றொன்று, சுந்தரராசன் இயக்கத்தில் மோகன் நடித்த ‘பயணங்கள் முடிவதில்லை’. முன்னது நம் மண்ணில் விளைந்ததும் அன்று; முந்தைய ஆண்டு ஆந்திரத்தில் ஓடிய ‘பிரேமாபிசேகம்’ என்னும் தெலுங்குப் படத்தின் வழிப்படி. இரண்டிலும் நாயகன் இளைஞன், இருவருக்கும் புற்றுநோய், இருவரும் நோயை மறைத்துக் காதலியை விலக்குகின்றனர், இருவரும் சாகின்றனர். தமிழகமெங்கும் இவ்விரண்டும் மாதக்கணக்கில் ஓடின. அவற்றின் பாடல்கள் திருமண வீட்டிலும் திருவிழாவிலும் தேநீர்க்கடையிலும் ஒலித்தன.

அப்பொழுது யான் செங்கற்பட்டில் பள்ளிச் சிறுவன்; அகவை பன்னிரண்டு. இரண்டையும் கண்டேன், இரண்டுக்கும் அழுதேன். ‘இந்நோய் வந்தால் சாவு உறுதி, செய்யத்தக்கது ஒன்றுமில்லை’ என்னும் பாடம் அன்று என் நெஞ்சிற் பதிந்தது. பின்னர்க் கல்லூரியில் தொல்காப்பியமும் சங்க நூல்களும் கற்றேன், தமிழாசிரியனானேன். ஆயினும் அப்பாடம் அழியவில்லை.

1999-இல் கடல்மல்லைக் கடற்கரைச் சாலைப் பள்ளி ஒன்றில் யான் பணியாற்றினேன். பத்தாம் வகுப்பில் கல்தச்சர் ஒருவரின் மகன் படித்தான். விடுமுறை நாள்களில் தந்தையோடு உளி பிடிப்பவன். கையெழுத்துக் கல்வெட்டுப்போல் நின்று பேசும். அவனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. பல் துலக்கும்போது ஈற்றில் குருதி கசிந்தது; அடிபடாமலே கைகளில் நீலத்திட்டுகள் தோன்றின. மருத்துவர் ஒருவர் குருதியை ஆய்ந்து ஒரு தாளைக் கொடுத்தனுப்பினார். அத்தாளில் ஒரு வரியேனும் தமிழில் இல்லை. அதனைப் படித்துச் சொல்லும்படி தந்தை என்னிடம் கொணர்ந்தார்.

படித்தேன். குருதிப் புற்று என ஐயுறுவதாகவும், காலந்தாழ்த்தாது புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறும் அதில் எழுதியிருந்தது. என் முகத்தையே நோக்கியிருந்த அவர் வினவினார்: “ஐயா, இது படத்துல வருமே, அந்த நோவா?”

யான் வாய் திறக்கவில்லை. அவர் மீண்டும் கேட்டார். “ஆமா” என்றேன்.

“அப்ப அலையறது வீணுங்கையா. இருக்கறமட்டும் வூட்டுலயே இருக்கட்டும்” என்று தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனார். ‘அலைந்துதான் பாருங்கள், இத்தாளில் உடனே அழைத்துச் செல்லுமாறு எழுதியிருக்கிறது’ என்று யான் கூறவில்லை. கூறாமைக்குக் கரணியம், யானும் அவரைப்போலவே அப்படங்களை நம்பியிருந்தேன் என்பதே. ஒரு கிழமை கழித்து அவனைக் காணச் சென்றேன். திண்ணையிற் படுத்திருந்தவன், “ஐயா, எனக்கு என்னா நோவு? பரிட்சைக்குள்ள எழுந்துருவேனா?” என்றான். “எழுந்துருவே” என்றேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியன், தன்னிடம் கேட்ட ஒரு வினாவுக்குத் தெரிந்தே பொய்விடை பகர்ந்தான். ஐந்து கிழமைகளில் அச்சிறுவன் இறந்தான்.

திரை மறைத்த மெய்

அவன் வீட்டிலிருந்து அடையாறு 30 கல் தொலைவு. ஒரே கடற்கரைச் சாலை. அங்கு 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அப்போதே பேர்பெற்று நின்றது. அதனை நிறுவிய மருத்துவர் முத்துலட்சுமி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரும் அழுதார், ஆயினும் ‘எல்லாம் மாயம்’ என்று அமர்ந்துவிடவில்லை. முப்பதாண்டு முயன்று, தம் மகன் கிருட்டிணமூர்த்தியோடு அம்மருத்துவமனையை எழுப்பினார். அவர்களோடு இணைந்த மருத்துவர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அதனைத் தம் வாழ்வாகக் கொண்டார். 1960-லேயே அங்குக் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது.

1984 முதல் அடையாறும் மும்பையும் தில்லியும் ஒரே பண்டுவ நெறியைக் கைக்கொண்டு, குழந்தைகட்கும் இளையோர்க்கும் வரும் கடுங் குருதிப்புற்றை எதிர்த்தன. முன்பு மிகச் சிலரே பிழைத்த அந்நோயில், ஏறத்தாழப் பாதியளவினர் பிழைத்து வாழும் நிலை அந்நெறியால் உருவாயிற்று. வளமிக்க நாடுகளில் இன்று அந்நோயுற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 90 பேரளவில் பிழைக்கின்றனர். அம்மாணவன் கட்டாயம் பிழைத்திருப்பான் என்று யான் கூறேன். பிழைக்கும் வாய்ப்பு அவனுக்கு இருந்தது என்று மட்டும் கூறுவேன். அவ்வாய்ப்பை அவனிடமிருந்து பறித்தது நோய் அன்று. நோயைப் பற்றிய பொய்.

இன்னும் கேளுங்கள். இந்நோயைப் பணியவைத்த முதல் மருந்துகள் 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் உருவாயின. அவற்றை ஆக்கிய ஆய்வுக்குழுவின் தலைவர் யார்? சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற தெலுங்கர், எல்லப்பிரகடா சுப்பாராவ். அவர் குழு அளித்த மருந்தைப் பாசுடன் நகரத்து மருத்துவர் சிட்னி பார்பர் 16 குழந்தைகட்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேர் தேறினர். 1948-இல் அதனை உலகறிய எழுதினார். அத்தேற்றம் நிலைக்கவில்லை, எனினும் கதவு திறந்தது. ஆக, சென்னையிற் பயின்ற ஒருவர் கதவைத் திறந்து 34 ஆண்டுகள் கழிந்தபின், அதே சென்னையிலிருந்து படமெடுத்தோர் ‘கதவே இல்லை’ என்று ஊரெங்கும் முழங்கினர்! இதனை அறியாமை என்பதா, கயமை என்பதா?

இஃது ஒரு நோய்க்கு மட்டும் நேர்ந்த இழுக்கன்று. செங்கற்பட்டை அடுத்த திருமணித் தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் காக்கிரேன் 1946-இலேயே சல்போன் மருந்தை ஊசிவழிச் செலுத்தித் தொழுநோயை எதிர்த்தார். 1954-இல் வெளிவந்த ‘இரத்தக்கண்ணீர்’ அதே நோயை ஒழுக்கக்கேட்டின் தண்டனையாகக் காட்டியது. பகுத்தறிவாளர் இராதாவின் ஒப்பற்ற நடிப்பே அந்நோயாளிகள்மேல் ஊரார்க்கிருந்த அருவருப்பை உரமிட்டு வளர்த்தது. காசநோயை எடுத்துக்கொண்டால், மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் நலவாழ்வகம் நிறுவினார். 1956 முதல் 1959 வரை சென்னையில் நடந்த ஆய்வோ, ஏழையின் குடிசையிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அந்நோய் நீங்கும் என்று உலகுக்கே மெய்ப்பித்தது. ஆனால் 1961-இல் ‘பாலும் பழமும்’ படத்தின் நாயகி காசநோய் கண்டதும் கணவனுக்குச் சொல்லாமல் வீட்டை விட்டு நீங்குகின்றாள். நம் மாவட்டத்து மருத்துவமனை ஓரடி முன்வைத்தபோதெல்லாம், திரை மக்களை ஈரடி பின்னிழுத்தது.

விதிவிலக்கு ஒன்று

நடுநிலை பிறழாது ஒன்றைச் சொல்லவேண்டும். மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூரிற் பிறந்து செங்கற்பட்டில் வளர்ந்த சிரீதர், 1962-இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்தார். கதை முழுதும் ஒரு மருத்துவமனையில் நிகழ்கின்றது. இளங்கணவனுக்குப் புற்றுநோய், அறுவைப் பண்டுவம் நடக்கின்றது, அவன் பிழைக்கின்றான். புற்றுநோய் கண்டவனும் பிழைப்பான் என்பதை ஆறு பத்தாண்டுகட்கு முன்பே நம் மாவட்டத்தார் ஒருவர் திரையில் காட்டினார் என்பது நமக்குப் பெருமையே. ஆயினும் கண்ணீர் விலைபோக வேண்டுமே! ஆகவே அறுவை செய்த மருத்துவரையே இறுதியிற் சாகடித்தார். அக்குறையையும் பொறுத்துக்கொள்வோம், நோயை எதிர்க்கலாம் என்னும் கருத்து அதில் இருந்தது.

அக்கருத்தை அடுத்து வந்தோர் வளர்த்தார்களா? இல்லை. மூன்றாண்டு கழித்து, 1965-இல், பாலசந்தர் இயக்கிய முதற்படம் ‘நீர்க்குமிழி’. அதுவும் மருத்துவமனையே களம். நாகேசு ஏற்ற இளைஞனுக்குப் புற்றுநோய். அனைவரையும் சிரிக்கவைக்கும் அவ்விளைஞனுக்குத் தன் நோய் இன்னதென்று தெரியாது. சுற்றியிருப்போர் அறிவர், அரங்கில் அமர்ந்திருப்போர் அறிவர், நோயுற்றவன் மட்டும் அறியான். தன் உடலைப் பற்றித் தனக்கே தெரியாத அவ்விழிநிலையைத்தான் உருக்கம் என்று விற்றனர். செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றதும் அதே 1965-இல்தான் என்பதைக் காண்க. ஒருபுறம் நோயை வெல்ல இளைஞர் கற்கத் தொடங்கினர். மறுபுறம் வாழ்வு நீர்க்குமிழி என்று இளைஞர்க்குப் பாடம் நடந்தது.

மாயம் எவருடையது?

‘நிலையாமையை வள்ளுவரே பாடியிருக்கின்றாரே’ என்று சிலர் மறுக்கலாம். பாடியுள்ளார், மறுப்பாரில்லை. ஆயினும் நிலையாமையிலிருந்து அவர் கண்ட முடிபு என்ன? நாள் குறைவாதலின் நல்வினையை விரைந்து செய்க என்பதே. ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவர் அவர். மருந்து என்றும் ஓர் அதிகாரம் யாத்தார். அதில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவனையே முதலில் வைத்தார். மருத்துவனும் மருந்தும் உடனிருப்போனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். நோயுற்றவனை முதலில் வைத்த மரபு நம்முடையது. அவனிடம் நோயின் பெயரையே மறைப்பது எம்மரபு?

மாயம் என்னும் சொல் தமிழே. மாய்தல் என்னும் வினையடியிற் பிறந்தது. ஆயினும் உலகமும் வாழ்வும் வெறும் பொய்த்தோற்றம் என்னும் மாயைக் கோட்பாடு தமிழன் கோட்பாடன்று. ஐம்பூதங்களின் கலப்பே உலகம் என்று உள்ளதை உள்ளவாறு கண்டது தொல்காப்பியம். உலகை உள்பொருளென்றே சைவக் கொண்முடிபும் நிறுவியது. 2006-இல் தமிழக அரசு, தமிழ்ப்பெயர் சூட்டிய படங்கட்குக் கேளிக்கை வரியை விலக்கியது. அதனை நாமும் வரவேற்றோம். ஆனால் பெயர்ப்பலகை தமிழாயிருந்தால் போதுமா? ‘வாழ்வே மாயம்’ என்பதில் இரு சொல்லும் தமிழ். பொருள் மட்டும் அயல். தமிழ்க்குடத்தில் பிறர் நஞ்சு!

‘துன்பியல் ஒரு கலையன்றோ?’ என்பது அடுத்த மறுப்பு. ஆம், உலகின் மிகச் சிறந்த துன்பியற் காப்பியங்களுள் ஒன்று நம்முடையது. சிலம்பில் கோவலன் சாவு முறைகேட்டால் விளைந்தது. அதனால்தான் கண்ணகி அழுகையோடு நில்லாமல் அரசவையில் முறை கேட்டாள். இப்படங்களிலோ, சாவு ஒரு தாளிலிருந்து விழுகின்றது. எவரும் எவரையும் எதனையும் கேட்பதில்லை. கேள்வியில்லாக் கண்ணீர் கலையன்று; மயக்க மருந்து.

சாவை நேரில் நோக்கிய தமிழ் இளைஞனைக் காட்டவேண்டுமாயின் ஈரோட்டிற் பிறந்த இராமானுசனைக் காட்டுக. தீரா நோயோடு 1919-இல் இங்கிலாந்திலிருந்து மீண்டார். 1920 ஏப்பிரல் 26-இல் 32 அகவையிற் சென்னையில் இறந்தார். இடைப்பட்ட ஓராண்டில் படுக்கையிலிருந்தபடியே புதிய கணக்குகளைக் கண்டு தாள்களை நிரப்பினார். அவற்றுட் பல அடங்கிய சுவடி 1976-இல் கேம்பிரிட்சில் கண்டெடுக்கப்பட்டது; உலகக் கணக்கறிஞர் அதனை இன்றும் ஆய்ந்துகொண்டிருக்கின்றனர். அவர் வாழ்வு மாயமா?

காஞ்சியிற் பிறந்த அண்ணாவைக் காட்டுக. அவர் அரசியலோடு நமக்கு வேறுபாடுகள் உண்டு, அவை இருக்கட்டும். 1968-இல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அறுவை செய்துகொண்டு திரும்பினார். 1969 சனவரி 14-இல் ‘தமிழ்நாடு’ என்னும் பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பிப்பிரவரி 3-இல் அவர் மறைந்தார். தாம் பிறந்த மண்ணுக்குத் தமிழ்ப்பெயர் நிலைத்ததைக் கண்டு சென்ற வாழ்வு மாயமா? காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையில் அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை நிற்கின்றது. அதன் வாயிலில் நாள்தோறும் நம்பிக்கையோடு நிற்கும் ஏழைகளைக் கண்டு, வாழ்வே மாயம் என்று சொல்ல எவர்க்கு நா எழும்?

செய்யவேண்டுவன

இனி, குற்றம் திரையினது மட்டுமன்று. அக்கல்தச்சர் கையில் இருந்த தாள் தமிழில் இருந்திருந்தால் அவர் என்னிடம் வந்திரார். ‘உடனே அழைத்துச் செல்க’ என்னும் கட்டளையைத் தாமே படித்திருப்பார். ஆங்கிலத்தில் இருந்தமையால் அவருக்கு நோயின் பெயர் மட்டும் ஒரு சாவுப்பறைபோற் கேட்டது, வழி கேட்கவில்லை. திரையிலும் மருத்துவர் ஆங்கிலத்தில்தான் அச்சொற்களை உதிர்க்கின்றார்; புரியாத மொழியாதலால் அது தீர்ப்பாகிவிடுகின்றது. ‘புற்று’ என்று தமிழிற் சொல்லிப் பாருங்கள். உள்ளிருந்து வளர்வது, பரவுவது, தோண்டி அகற்றத்தக்கது என்று சொல்லே விளக்கும்.

மருத்துவத்தைத் தமிழிற் சொல்லவியலாது என்போர் வரலாறு அறியாதவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்குக் கிரீன், மானிப்பாயில் தங்கித் தமிழ் கற்றார். உடற்கூறு, அறுவை, வேதியியல் நூல்களைத் தமிழாக்கி, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவரை உருவாக்கினார். ஒரு வெள்ளையர் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் செய்து காட்டியதைத் தமிழர் ஆளும் தமிழ்நாடு இன்றுவரை செய்யாதது ஏன்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. தமிழ்நாட்டு மருத்துவமனை ஒவ்வொன்றும், அரசினதாயினும் தனியாரதாயினும், நோயின் பெயரையும் செய்யவேண்டிய பண்டுவத்தையும் செல்லவேண்டிய இடத்தையும் நோயாளி கையில் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும். மருத்துவக் கல்வி தமிழில் நடைபெறவேண்டும். நோயை வைத்துப் படமெடுப்போர் அந்நோயை அறிந்த மருத்துவர் ஒருவரிடம் ஒருநாளேனும் அமர்ந்து கேட்டபின் எழுதவேண்டும். நாயகன் சாகட்டும், அதனை நாம் தடுக்கவில்லை. ஆயினும் போராடிச் சாகட்டும். தன் நோயைத் தான் அறிந்து, தன் காதலியிடம் மெய் கூறிச் சாகட்டும்.

ஆசிரியத் தோழர்களே, உங்களுக்கு ஒரு சொல். ஏழைத் தந்தையர் ஆங்கிலத் தாளோடு இன்றும் நம்மிடந்தான் வருகின்றனர். இன்று அரசின் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ப் பண்டுவத்துக்கும் பணம் அளிக்கின்றது. காரைப்பேட்டையும் அடையாறும் எட்டிய தொலைவில் உள்ளன. அத்தாளைப் படித்து நிறுத்தாதீர்கள். அவர்களோடு பேருந்தில் ஏறுங்கள்.

யான் அன்று ஏறவில்லை. கடல்மல்லையில் உளியோசை கேட்கும்போதெல்லாம் அதனை எண்ணுகின்றேன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன் பாறையைக் குடைந்தவன், ‘எல்லாம் மாயம்’ என்று உளியைக் கீழே வைத்திருந்தால் இக்கடற்கரையில் இன்று வெறுங்கல்லே எஞ்சியிருக்கும். அவன் மரபில் வந்த சிறுவனிடம் அப்பொய்யைச் சொல்லி, உளியைக் கீழே வைக்கச் செய்தோம்.

வாழ்வு மாயம் அன்று, தமிழ் மக்காள்! அதனை மாயம் என்று விற்பவனே மாயக்காரன். அவன் கடையை விட்டு எழுங்கள்!